பிரேக் அடித்தால் இடது பக்கம்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. காலை ஒன்பதரை மணி இருக்கும். வார்டில் ஒருவருக்கு டிரிப்ஸ் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தேன். யூனிஃபார்ம் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் வீட்டுக்காரர்.

டியூட்டி நேரத்தில் அவர் போன் செய்யவே மாட்டார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இரண்டு மூன்று தடவை செய்திருந்தால் அதிகம். அதனால் பாட்டிலை மாட்டிவிட்டு வராந்தாவுக்கு ஓடிப்போய் எடுத்தேன்.

"கௌரி, யாருக்கும் ஒண்ணும் ஆவல. சேவூர் பஸ் ஸ்டாப்புல இருக்கேன்" என்றார்.

ஒன்றும் ஆகவில்லை என்று ஆரம்பிக்கிற போனில் என்னவோ ஆகியிருக்கிறது... இது ஒரு நர்ஸுக்குத் தெரியாதா?

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரர் தாமோதரனைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். வயது ஐம்பத்தாறு. சொந்தமாக ஒரு லாரி வைத்திருக்கிறார். ஆறு சக்கர வண்டி. அதற்கு வயது இருபத்திரண்டு. ஆரணி அரிசி மில்களில் மூட்டை ஏற்றிக்கொண்டு வேலூர், காஞ்சிபுரம், சில நாள் சென்னை வரை போய் வருவார். டிரைவர் வைத்துக்கொண்டதில்லை. இருபத்தெட்டு வருஷமாக லாரி ஓட்டுகிறார். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை.

இந்தக் கடைசி வரியை அவர் தன் வாயால் சொல்லிக்கொள்ள மாட்டார். நான்தான் சொல்வேன். சொல்வதற்குச் சந்தர்ப்பம் கிடைக்காவிட்டால் உண்டாக்கிக்கொண்டு சொல்வேன்.

அன்றைக்கு நடந்தது இதுதான். மூட்டை ஏற்றிக்கொண்டு சேவூரைத் தாண்டிக்கொண்டிருந்தார். முன்னால் போன டவுன் பஸ் சட்டென்று நின்றது. இவர் பிரேக்கை அழுத்தினார். வண்டி நின்றது – ஆனால் நேராக நிற்கவில்லை. இடது பக்கம் ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போய், ரோட்டோரம் நிறுத்தியிருந்த பைக் ஒன்றைத் தள்ளிவிட்டு நின்றது. பைக்குக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். கையில் பட்டுப் பாவு – தறியில் ஏற்றுகிற நூல் – சுற்றிய மூட்டை. பின்னால் நகரப்போய் கால் தடுக்கி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். லாரியின் பம்பருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான்.

அவளுக்குச் சிராய்ப்புகூட இல்லை. எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மூட்டையைப் பிரித்துப் பாவு கலைந்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். அப்புறம் நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்தாளாம். 

"அண்ணா, நீங்க மொதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க. உங்களப் பாத்தாதான் பயமா கீது" என்றாளாம்.

பைக்கின் சொந்தக்காரரும் நல்ல மனுஷர். கண்ணாடியும் இண்டிகேட்டரும்தான் உடைந்திருந்தன. அங்கேயே பேசி முடிந்தது. 

ஆனால் வீட்டுக்காரருக்கு முடியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாவியை என் கையில் கொடுத்தார்.

"வித்துடலாம் கௌரி. இனிமே நான் ஓட்டல."

அவ்வளவுதான். சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு வாய் சாப்பிட்டார். எழுந்துவிட்டார்.

*

வண்டி இடது பக்கம் இழுப்பது அன்றைக்குத் திடீரென்று வந்த வியாதி இல்லை. மூன்று மாதமாகவே இருந்தது. அவரும் சும்மா இருக்கவில்லை. அவருடைய மெக்கானிக் நூருல்லா பாய், பழைய வண்டிகளில் கை தேர்ந்தவர். ஷெட்டில் எப்போதும் நாலு லாரியாவது நிற்கும். எங்கள் வண்டியைப் பத்து வருஷமாக அவர்தான் பார்க்கிறார்.

அவரும் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார். டயர் காற்று பார்த்தார் – சரியாக இருந்தது. முன் டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டார் – அப்படியும் இடதுபக்கம்தான் இழுத்தது. பிரேக் லைனிங் இரண்டு பக்கமும் புதுசு போட்டார். பிரேக் கட்டை உரசுகிற இரும்பு டிரம்மைக் கழற்றி லேத்தில் கொடுத்துச் சமமாக்கினார். சக்கரத்துக்குள் பிரேக் கட்டையைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் – அதையும் இரண்டு பக்கமும் மாற்றினார். 

ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் சரியான மாதிரி இருக்கும். அப்புறம் பழைய கதை.

இதில் ஒரு குழப்பம் வேறு. வேலூர் போய் வந்து சக்கரத்தைத் தொட்டால், இடது டிரம் லேசான சூடு. வலது டிரம்மில் கை வைக்க முடியாது.

"அண்ணே, வலது பக்கம் சூடாவுதுன்னா வலது பக்கம்தான் ஜாஸ்தி பிடிக்குதுன்னு அர்த்தம்" என்றார் நூருல்லா பாய். "ஜாஸ்தி பிடிச்சா வண்டி வலது பக்கம்தான இழுக்கணும்? இது லெப்ட்ல இழுக்குது. இன்னா பேஜாரு இது?"

நியாயமான கேள்விதானே? சூடாக இருக்கிற பக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தார். இழுப்பு இன்னும் அதிகமாகிவிட்டது.

கடைசியாக ஒருநாள் காலையில் நூருல்லா பாய் தானே ஏறி உட்கார்ந்து, ஷெட் இருக்கிற தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். நாலைந்து இடத்தில் பிரேக் பிடித்துப் பார்த்தார். வண்டி பொம்மை மாதிரி நேராக நின்றது.

இறங்கி வந்தவர், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார். 

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. என் கையில நேராத்தான் நிக்குது. ஒருதபா உடம்பைக் காட்டிக்கோங்க. பிரேக் அடிக்கும்போது கை தன்னால ஸ்டேரிங்கைத் திருப்புதோ இன்னாவோ. எங்க மாமாவுக்குக் கைநடுக்கம் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் பிரச்சினையே. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் இவர் சண்டை போட்டிருப்பார். நல்ல எண்ணத்தில் சொன்னதால் நம்பிவிட்டார்.

அது நடந்து நாலாம் நாள்தான் சேவூர்.

*

வண்டி வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் நின்றது. அவர் வீட்டுக்குள் இருந்தார். இருபத்தெட்டு வருஷத்தில் காலை ஆறு மணிக்கு அவர் வீட்டில் இருந்து நான் பார்த்ததே குறைவு. இப்போது நான் டியூட்டிக்குக் கிளம்பும்போது துணி மடித்துக்கொண்டிருப்பார். திரும்பி வரும்போது அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார். டிவி ஓடிக்கொண்டிருக்கும், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சென்னையில் வேலை பார்க்கிற மகன் பிரபு தினமும் போன் செய்தான். "விடுப்பா. வண்டிக்கும் வயசாச்சு, உனக்கும் வயசாச்சு. வித்துட்டு ரெஸ்ட் எடு" என்றான். பாசத்தில்தான் சொன்னான். அப்பா "ம்" என்று மட்டும் சொல்வார்.

நான் என்ன செய்தேன்?

வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்தில் நான் பொய் எழுதியதில்லை. நான் அவர் கையைக் கவனிக்க ஆரம்பித்தேன். காபி டம்ளரைத் தூக்கும்போது நடுங்குகிறதா? சட்டை பட்டன் போட எவ்வளவு நேரம் ஆகிறது? பேப்பரைப் புரட்டும்போது விரல் தடுமாறுகிறதா? வார்டில் நோயாளிகளை எப்படி ஓரக்கண்ணால் கவனிப்பேனோ அப்படி. 

மூன்றாம் நாள் அவர் டம்ளரைக் கீழே வைத்தார். 

"இன்னா பாக்குற? நடுங்குதான்னா?"

நான் காலி டம்ளரை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். 

"நானும் அதைத்தான் பாத்துகினு இருக்கேன்" என்றார். 

சொல்லிவிட்டு இரண்டு கையையும் மேஜை மேல் நீட்டி வைத்தார். விரல்கள் அசையாமல் இருந்தன. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அந்த மாதிரி ஒரு ஐந்து நிமிஷம் எதிரிக்கும் வரக்கூடாது.

மறுநாளே எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கூட்டிப் போனேன். பிரஷர், சுகர், கண், நரம்பு எல்லாம் பார்த்தார். தன் இரண்டு விரலை நீட்டி, "நல்லா அழுத்திப் பிடிங்க" என்றார். இவர் பிடித்த பிடியில் டாக்டரே "போதும், போதும்" என்று கையை இழுத்துக்கொண்டார். 

"கையில ஒண்ணுமே இல்லைங்க. எனக்கே இந்தப் பிடி வராது" என்றார்.

வெளியே வந்த பிறகும் இவர் முகம் தெளியவில்லை. "டாக்டர் உனக்காக சொல்றாரு" என்றார்.

அப்போதுதான் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. கை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். வண்டி நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக் சொல்கிறார். இரண்டும் நன்றாக இருந்தால் சேவூரில் அந்தப் பெண் எதற்கு மண்ணில் உட்கார்ந்தாள்? யாரோ ஒருவர் எதையோ பார்க்காமல் விட்டிருக்கிறார்கள்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு ஆஃப்" என்றேன். "என்னை வண்டியில கூட்டிகினு போங்க. ஆளில்லாத ரோட்டுல பிரேக் போட்டுக் காட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்."

"நீ இன்னா பாப்ப?"

"எனக்குத் தெரியாது. பாத்தாதான் தெரியும்."

*

ஞாயிறு காலை காலி வண்டியோடு கிளம்பினோம். முள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு நேர் ரோடு இருக்கிறது. இரண்டு பக்கமும் நெல் வயல். எப்போதாவது ஒரு டூவீலர் போகும், அவ்வளவுதான்.

நான் ஒரு நோட்டு எடுத்துப் போயிருந்தேன். எங்கள் வேலையில் அப்படித்தான். நோயாளி 'உடம்பு சரியில்லை' என்றால் போதாது. எப்போது, எவ்வளவு நேரம், எதற்குப் பிறகு... எல்லாம் எழுத வேண்டும். இது புத்திசாலித்தனம் இல்லை, பழக்கம். கோடு போட்டேன். வேகம் எவ்வளவு? மெதுவாக அழுத்தினாரா, வேகமாகவா? எந்தப் பக்கம் இழுத்தது?

முதல் பிரேக். இருபது வேகத்தில், மெதுவாக. நேராக நின்றது. அவர் என்னைப் பார்த்தார். 'பார்த்தாயா, வண்டி சரியாகத்தான் இருக்கிறது' என்பது போல ஒரு பார்வை. 

இரண்டாவது, முப்பதில், மெதுவாக. அதுவும் நேர்.

மூன்றாவது, முப்பதில், ஓங்கி ஒரே அழுத்து. வண்டி இடது பக்கம் வெட்டியது. நான் அவர் பக்கம் போய்ச் சரிந்தேன்.

"கை திருப்பிச்சா?" என்று கேட்டார்.

"இல்லை. நான் ஸ்டேரிங்கைத்தான் பாத்துகினு இருந்தேன். நீங்க திருப்பல. அதுதான் திரும்பிச்சு."

அதற்குப் பிறகு அவர் உட்கார்ந்த விதம் மாறியது. முதுகு சீட்டில் நன்றாகப் பதிந்தது.

நாலு, ஐந்து, ஆறு. மெதுவாக அழுத்தினால் நேர். ஓங்கி அழுத்தினால் இடது. வண்டி சூடாக ஆக இழுப்பு அதிகமானது. நூருல்லா பாய் காலையில், சூடேறாத வண்டியை, தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தாரே... அவர் கையில் ஏன் நேராக நின்றது என்பது எனக்கே புரிய ஆரம்பித்தது.

ஏழாவது தடவை ஓங்கி அழுத்தினார், ஆனால் முழுசாக நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைத்துவிட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி உருண்டுகொண்டே போனது. நான் நோட்டில் 'இடது' என்று எழுதிக்கொண்டிருந்தேன். பேனா கோணிக்கொண்டது. என் உடம்பு கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது.

"ஏங்க, இப்போ எதுக்கு ரைட்ல போவுது?"

"நான்தான் திருப்பியிருப்பேன். லெப்ட்ல இழுத்தா கை தன்னால ரைட்ல ஒடிக்கும். பழக்கம்."

"இன்னொரு தபா போடுங்க. பிரேக்கை விட்டதும் ஸ்டேரிங்கை நேரா மட்டும் பிடிங்க. ஒடிக்காதீங்க."

எட்டாவது தடவை. அழுத்தினார் – இடது. விட்டார் – வண்டி கொஞ்ச தூரம் வலது பக்கம் சாய்ந்துகொண்டே போனது. அப்புறம் தானாக நேரானது. அவர் கை அசையவில்லை. நான் சாட்சி.

வண்டியை ஓரம் கட்டினார். இன்ஜினை அணைத்தார். இறங்கிப் போய் முன் சக்கரங்களுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். கிட்டத்தட்ட பத்து நிமிஷம் இரண்டு சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது.

மூன்று மாதமாக எல்லோரும் அவரிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். பிரேக்கை அழுத்தினால் என்ன ஆகிறது? விட்ட பிறகு என்ன ஆகிறது என்று யாருமே கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வலது பக்கம் போனதை எல்லாம் தன் கையின் குற்றம் என்று கணக்கில் எழுதிக்கொண்டுவிட்டார், பாவம்.

"கௌரி" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ரெண்டு பக்கமும் நல்லாத்தான் பிடிக்குது. ஆனா ஒரே நேரத்துல பிடிக்கல."

"அப்டின்னா?"

"அழுத்தினதும் லெப்ட் பிடிச்சுடுது. ரைட் லேட்டா வருது. அதான் லெப்ட்ல இழுக்குது. விட்டதும் லெப்ட் விட்டுடுது. ரைட் லேட்டா விடுது. பிடிச்ச பிடியாவே தேய்ஞ்சுகினு வருது. அதான் ரைட்ல சாயுது, அதான் ரைட் டிரம் கொதிக்குது." 

எழுந்து நின்றார். 

"பிடிக்கவும் லேட்டு, விடவும் லேட்டு. அப்போ ஆயில் போறதுக்கும் வழியில்ல, திரும்பி வர்றதுக்கும் வழியில்ல. சக்கரத்துல ஒண்ணுமில்ல. வர்ற வழியில அடைப்பு இருக்குது."

அவர் படித்தது எட்டாம் வகுப்பு. இதைச் சொல்லி முடித்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். வேறு யாராவது பார்க்கிறார்களா என்று ரோட்டின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. இப்படி ஒரு நேரத்தில் ஊரே கூடி நின்றிருக்க வேண்டாமா?

*

நேராக ஷெட்டுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமையானாலும் நூருல்லா பாய் மதியம் வரை இருப்பார். இவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். நம்பின மாதிரி தெரியவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை.

"சரிண்ணே, ஜாக்கி போட்டே பாத்துடலாம். சக்கரம் பொய் சொல்லாது."

பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, முன் சக்கரம் இரண்டையும் தரையிலிருந்து தூக்கினார்கள். இவர் இடது சக்கரத்துக்கு, பாய் வலது சக்கரத்துக்கு. பிரேக்கை அழுத்த ஓர் ஆள் வேண்டுமே?

"நீ ஏறி உக்காரு" என்றார் வீட்டுக்காரர்.

கேபினில் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஸ்டேரிங் எவ்வளவு பெரியது! பிரேக் பெடலுக்குக் கால் எட்டுவதற்காக சீட் நுனிக்கு வந்து உட்கார்ந்தேன். 

இரண்டு பேரும் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார்கள்.

"கௌரி, அழுத்து."

ஓங்கி அழுத்தினேன்.

"லெப்ட் நின்னுடுச்சு" – இது அவர்.

"ரைட் சுத்துது... சுத்துது... ம், இப்போ நின்னுச்சு" – இது பாய்.

"விடு."

காலை எடுத்தேன்.

"லெப்ட் ஃப்ரீ." 

வலது பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. 

"பாய், எண்ணுங்க" என்றார் வீட்டுக்காரர்.

நூருல்லா பாய் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று... பத்து தாண்டியது. பதினைந்து. இருபதில் நிறுத்திவிட்டார். சக்கரம் இன்னும் அசையவில்லை.

நான் மேலே உட்கார்ந்திருந்ததால் பாயின் முகம் தெரியவில்லை. ஆனால் அவர் அடுத்துச் செய்தது தெரிந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். 

வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து இரும்புக் குழாயில் வருகிற பிரேக் ஆயில், கடைசியில் ஓஸ் என்கிற ஒரு முழம் ரப்பர் குழாய் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. சக்கரம் திரும்ப வேண்டுமே, அதற்காக ரப்பர். பாய் அந்த ஓஸுக்கு மேலே ஒரு ஸ்பேனரும், கீழே சக்கரத்துப் பக்கம் ஆயிலைத் திறந்துவிடுகிற நிப்பிளில் ஒரு ஸ்பேனரும் மாட்டி வைத்துக்கொண்டார். என்னை மறுபடி அழுத்தி விடச் சொன்னார். விட்டதும் முதலில் மேலே தளர்த்தினார். ஆயில் சும்மா கசிந்தது. சக்கரம் அசையவில்லை. அடுத்து கீழே நிப்பிளைத் திருகினார்.

ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து அவர் சட்டையெல்லாம் அடித்தது. வலது சக்கரம் விட்டுக்கொடுத்துச் சுற்றியது.

மேலே அழுத்தம் இல்லை. கீழே அழுத்தம் அடைபட்டுக் கிடக்கிறது. நடுவில் இருப்பது அந்த ஒரு முழம் ஓஸ் மட்டும்தான். இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

ஓஸைக் கழற்றி வெளியே எடுத்தார்கள். பார்த்தால் நல்ல ஓஸ். ஒரு வெடிப்பு இல்லை, கசிவு இல்லை, கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. அதனால்தான் யாருக்கும் அதன் மேல் சந்தேகம் வரவில்லை. பாய் பிளேடால் அதைக் குறுக்கே வெட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எங்களுக்குக் காட்டினார். உள்பக்கத்து ரப்பர் உப்பிப்போய் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. நடுவில் ஊசி நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை.

நூருல்லா பாய் அந்தத் துண்டை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"சிலிண்டர் மாத்தி ஆயில்ல காத்து எடுத்தப்போ, ரைட் பக்கம் சொட்டு சொட்டாத்தான் வந்துச்சுண்ணே. காத்துதான் மாட்டிகினு இருக்குதுன்னு நெனைச்சேன். என் கண்ணு முன்னாடியே இருந்துச்சு" என்றார். "அதை விட்டுட்டு உங்க கையைச் சொல்லிட்டேன்."

"விடு பாய்" என்றார் வீட்டுக்காரர். "நானே என் கையைத்தான் சொன்னேன்."

பாய் சிரிக்கவில்லை. "இல்லண்ணே. நான் சொன்னது தப்பு" என்று இன்னொரு தடவை சொன்னார். தன் ஷெட்டில், தன் ஆட்கள் கேட்கும்படி. அதற்காகவே எனக்கு அவர் மேல் மரியாதை கூடிவிட்டது. தப்பைக் காதில் மட்டும் சொல்கிறவர்கள்தானே அதிகம்?

இடது பக்கத்துக்கும் சேர்த்து இரண்டு புது ஓஸ் மாட்டினார்கள். தளர்த்தி வைத்திருந்த வலது பிரேக்கைப் பழையபடி சரி செய்தார்கள். காற்று எடுத்தார்கள். இந்த முறை வலது பக்கமும் ஆயில் ஒரே தாரையாக வந்தது.

*

மறுபடியும் அதே நேர் ரோடு. நாற்பது வேகம். "பிடிச்சுக்கோ" என்றார். ஓங்கி அழுத்தினார். 

வண்டி நேராக நின்றது. கோடு போட்ட மாதிரி.

இன்னும் மூன்று தடவை அதே போலச் செய்தார். மூன்று தடவையும் தேவையில்லை, எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இருந்தாலும் அவர் செய்தார், நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். அவன் என்னவோ ஏதோ என்று பதறிக்கொண்டு பேசினான். இவர் நாலே வார்த்தையில் முடித்தார்.

"கை இல்லடா. ஓஸு. வெச்சுடறேன்."

போனை வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் ஓரம் ஈரமாக இருந்தது. டம்ளரைக் கவனித்த மாதிரி அதைக் கவனிக்க எனக்கு மனசு வரவில்லை. வெளியே வயலைப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை மூட்டை ஏற்றிக்கொண்டு வேலூர் போனார். காலை ஆறு மணிக்கு வீடு காலியாக இருந்தது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. வயதானவர் கையில் ஏதாவது தவறினால், நாம் உடனே அவர் வயதைத்தான் பார்க்கிறோம். மகன் பார்த்தான், மெக்கானிக் பார்த்தார், நர்ஸ் பெண்டாட்டியும் பார்த்தாள். அத்தனை பேரும் பாசத்தோடு பார்த்தோம். பாசத்தோடு சேர்ந்து ஒரு ஜாக்கியும் எடுத்துப் போயிருக்கலாம்.

போன வாரம் நூருல்லா பாயிடமிருந்து போன். "அண்ணே, ஒரு வண்டி வந்துகீது. பிரேக் போட்டா ரைட்ல இழுக்குதாம். நீங்க ஒருதபா வந்து பாத்தா நல்லா இருக்கும்" என்றார். 

பத்து வருஷமாக இவர் அவரைத் தேடிப் போனார். இப்போது அவர் இவரைக் கூப்பிடுகிறார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். "ஆங், வரேன் பாய்" என்று ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, போன தீபாவளிக்கு எடுத்த சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஆயில் ஷெட்டுக்கு வெள்ளைச் சட்டை.

திரும்பி வர மதியம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனவர், அரை மணி நேரத்தில் வந்துவிட்டார்.

"இன்னாங்க, கண்டுபிடிச்சாச்சா?"

"ம். ரைட் டயர்ல காத்து கம்மி. காத்து அடிச்சதும் சரியாயிடுச்சு."

இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.